உடலற்றது உடலை அசைப்பது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலை மெய்யியல் குறித்த தங்கள் கட்டுரையில், பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த் உள்ளத்தையும் உடலையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்தார் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். மூளை ஆய்வு வளர்ந்த பிறகுதான் அந்தப் பிரிவினையில் உள்ள சிக்கல் தெரியவந்தது என்று படித்திருக்கிறேன். அவர் காலத்தில் வாழ்ந்த ஒருவருக்குமே அது தோன்றவில்லையா? அடுத்து, மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதமும் 'எனதுடல் என்றலின்' என்று சொல்லி உடலையும் ஆன்மாவையும் வேறாக்குகிறதே, இரண்டும் ஒரே கருத்துதானா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு சொல்தான் நம்மை வழிதவறச் செய்கிறது. தெகார்த் பேசும் பொருளை 'மனம்' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். ஆனால் மெய்கண்டாரின் மரபில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது அகக்கருவிகள்; உலகப் பொருள்களுக்கு மூலமான மாயையிலிருந்து தோன்றியவை, தம்மளவில் அறிவில்லாத சடப்பொருள்கள். கண்ணும் செவியும் நிற்கும் பக்கத்தில்தான் மனமும் நிற்கிறது. ஆகவே சிவஞானபோதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்கள் சேர்ந்து போடுகிற கோடு, ஆன்மாவுக்கும் மனம் உள்ளிட்ட கருவிகள் அனைத்துக்கும் இடையே விழுகிறது. தெகார்த்தோ ஐயுறுதல், விரும்புதல், கற்பனை செய்தல், வலியை வலியாக உணர்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்து, நீள அகல உயரங்களோடு இடத்தை அடைத்துக்கொள்பவற்றை மறுபுறம் வைத்தார். இருவரும் பிரித்தார்கள் என்பது உண்மை. பிரித்த இடம் ஒன்றல்ல. அதனால்தான் நான் இங்கே 'உள்ளம்' என்று எழுதுகிறேன்.

முதல் ஐயத்துக்கு வருவோம். சிக்கல் அவர் காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியது, அதுவும் மிகத் துல்லியமாக. தெகார்த்தின் 'தியானங்கள்' என்ற நூல் 1641-இல் வெளிவந்தது. 1643 மே மாதம், ஹேக் நகரிலிருந்து போஹீமியாவின் இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதினார். எலிசபெத்தின் தந்தை பிரெடரிக் 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்று போஹீமிய அரியணையை இழந்தவர். குடும்பம் நாடிழந்து ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்தது. எலிசபெத்துக்கு அப்போது 24 வயது.

அவர் கேட்டது இதுதான். ஒரு பொருளை மற்றொன்று அசைக்க வேண்டுமானால், அது தள்ள வேண்டும். அல்லது அதன் மேற்பரப்பின் தன்மையும் வடிவமும் அந்த அசைவைத் தீர்மானிக்க வேண்டும். தள்ளுவதற்குத் தொடுதல் வேண்டும். மேற்பரப்புக்கோ இடத்தில் பரந்திருத்தல் வேண்டும். உள்ளம் இடத்தில் பரந்ததல்ல என்கிறீர்கள். பருப்பொருளல்லாத ஒன்று எதையும் தொடவும் முடியாது. அப்படியிருக்க, கையை உயர்த்த வேண்டும் என்ற என் எண்ணம் கையை உயர்த்துவது எவ்வாறு?

தெகார்த் அளித்த முதல் விடை எடையைப் பற்றியது. கல்லின் எடை கல்லைக் கீழே இழுப்பதாக நினைக்கும்போது, எடை என்னும் பண்பு தன் மேற்பரப்பால் கல்லைத் தள்ளுவதாக யாரும் கற்பனை செய்வதில்லை. உள்ளம் உடலை அசைப்பதையும் அவ்வாறே எண்ணிக்கொள்ளலாம் என்றார். எலிசபெத் இதை ஏற்கவில்லை. எடை அத்தகைய தனிப்பண்பல்ல என்பதே தெகார்த்தின் இயற்பியல். தவறென்று தாமே காட்டப்போகும் ஒரு எண்ணத்தைக் கொண்டு மற்றொன்றை எப்படி விளங்கவைக்க முடியும் என்று ஜூன் மாதம் திருப்பிக் கேட்டார். உருவற்ற ஒன்றுக்கு உடலை அசைக்கும் ஆற்றல் உண்டு என்று ஒப்புவதைவிட, உள்ளத்துக்கே பருமையும் பரப்பும் உண்டு என்று ஒப்புவது தமக்கு எளிது என்றும் எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதையே நான் மேலும் வலுவானதாகக் கருதுகிறேன். உடலின்றியே இருக்கக்கூடிய உள்ளம், நன்றாகச் சிந்தித்துப் பழகிய உள்ளம், உடலில் எழும் சில ஆவிகளால் அந்தத் திறன் முழுவதையும் இழந்துவிடுவது எப்படி? அக்கால மருத்துவம் உடலின் நீர்மங்களிலிருந்து எழுந்து தலைக்கேறும் ஆவிகளைப் பற்றிப் பேசியது. இன்று நாம் வேறு பெயர் சொல்வோம், கேள்வி மாறவில்லை.

தெகார்த்தின் அடுத்த கடிதத்தைப் பலர் தோல்வியின் ஒப்புதலாகப் படிக்கிறார்கள். நான் அவ்வாறு படிப்பதில்லை. உள்ளத்தைத் தூய அறிவாலும், உடலை அறிவோடு கற்பனையும் சேர்ந்தும், இரண்டின் இணைப்பைப் புலன்களாலும் மட்டுமே நாம் தெளிவாக அறிகிறோம் என்று அதில் பிரித்துச் சொல்கிறார். ஆகவே இணைப்பை அறிய விரும்புகிறவர் தத்துவ விசாரத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு அன்றாட வாழ்விலும் உரையாடலிலும் ஈடுபட வேண்டும். தாமே தூய அறிவுக்குரிய சிந்தனைக்கு ஆண்டில் சில மணி நேரமே செலவிடுவதாகவும் எழுதுகிறார். இதே மனிதர்தான் ஆறாம் தியானத்தில், மாலுமி கப்பலில் இருப்பதுபோல நான் உடலில் இருக்கவில்லை என்றார். கப்பல் உடைந்தால் மாலுமி அதைக் கண்ணால் கண்டு அறிகிறான், என் காலில் முள் தைத்தாலோ எனக்கு வலிக்கிறது. பிரிவினையின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆனாலும் வாதத்தில் நான் எலிசபெத்தின் பக்கம்தான் நிற்கிறேன். வாழ்ந்து அறிகிறோம் என்பது இணைப்பு உண்டு என்பதைக் காட்டும். அது எப்படி நிகழ்கிறது என்பதைக் காட்டாது. 1645-இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தபோது, துயரமே அதற்குக் காரணம் என்று தெகார்த் கணித்தார். மரங்களின் பசுமையையும் பூவின் நிறத்தையும் பறவை பறப்பதையும் எதையும் எண்ணாமல் பார்த்திருக்கச் சொன்னார். தாமும் இளமையில் அத்தகைய இருமலோடு வாழ்ந்து தேறியதை எடுத்துரைத்தார். அன்பான மருத்துவம்தான் அது. எலிசபெத் அந்த அன்பை ஏற்றுக்கொண்டும் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தம் உடல் உள்ளத்தின் துன்பங்களால் எளிதில் தாக்கப்படுகிறது என்று எழுதினார். பின்னர், பகுத்தறியும் ஆற்றலையே பறித்துவிடும் நோய்கள் உள்ளனவே, அப்போது அறிவால் அடையும் நிறைவு எங்கே போகும் என்று கேட்டார். நோயாளியின் படுக்கையருகே இருந்து பார்த்தவர் எவரும் இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட மாட்டார். உணர்ச்சிகளை வரையறுத்துச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதிலிருந்தே, 1649-இல் வெளியான 'உள்ளத்தின் உணர்ச்சிகள்' என்ற நூல் உருவாகத் தொடங்கியது. உள்ளம் தன் செயலைச் சிறப்பாக நிகழ்த்தும் இடம் மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி என்று தெகார்த் அந்நூலில் விரிவாகக் கூறுகிறார். எங்கே என்பதற்கு அது ஒரு விடை. எலிசபெத் கேட்டதோ எப்படி என்பது.

அவர் காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1650-இல் தெகார்த் இறந்தபின் தம் கடிதங்களை அச்சிட எலிசபெத் இசையவில்லை. 1657 முதல் தெகார்த்தின் பதில்கள் மட்டும் நூலாகக் கிடைத்தன. எலிசபெத்தின் கடிதங்கள் 1879-இல்தான் அச்சேறின. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் விடைகளை வைத்துக்கொண்டுதான் கேள்விகளை ஊகித்தார்கள்.