பாரிஸ்ல இலவச மியூசியம் ராத்திரிக்குப் போனா ரசிக்க முடியுமா, இல்ல காசு குடுத்து இன்னொரு நாள் போறதே மேலா?

"ஓசின்னா கூட்டம் அலைமோதும், நிம்மதியா பாக்க முடியாது, எதுக்கு வம்பு"ன்னு கேள்விக்குக் கீழ நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த ஓசிங்கற வார்த்தைக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன். நீங்க படிக்கவோ வேலைக்கோ புதுசா அங்க போயிருப்பீங்க, கையில காசு எண்ணித்தான் செலவு பண்ணுவீங்கன்னு நினைக்கிறேன். தாராளமா போங்க. ஆனா எப்படிப் போறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல சேலத்துல பட்டுத்தறி ஓட்டினவர், குழித்தறியில கால விட்டு உக்காந்தே முட்டி போயிடுச்சு, இப்ப ஊரோட இருக்கார். கம்பெனி என்னை ரெண்டு வருஷம் பாரிஸ் அனுப்பினப்ப ஒரு மே மாசம் அவர வரவழைச்சேன். 2005-லேர்ந்து அங்க மே நடுவுல ஒரு சனிக்கிழமை ராத்திரி மியூசியங்கள திறந்து வைக்கறாங்க, மே 18 உலக அருங்காட்சியக நாளை ஒட்டி வரும், பெரும்பாலான இடத்துல டிக்கெட்டே கிடையாது. அப்பாக்கு எல்லாத்தையும் காட்டிடணும்னு நாலு மியூசியம் பேர எழுதி வச்சுக்கிட்டு, டிபன் பாக்ஸ்ல புளிசாதம் கட்டிக்கிட்டு கிளம்பினோம். ஒன்பது மணி ஆகியும் வெளிச்சம் போகல, அப்பா "இன்னும் பொழுது சாயலயாம்மா"ன்னு கேட்டுட்டே வந்தார்.

முதல்ல போன பெரிய மியூசியம் வாசல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல கியூ, அப்பாக்கு கால் வலி, உள்ள போனா நடக்கவே முடியல, எல்லாரும் ஒரே படத்துக்கு முன்னாடி போனை தூக்கிட்டு நிக்கறாங்க. நீங்க சொல்ற கூட்டம் நிஜம்தான், அத நான் மறைக்கல. அப்பா ஒரு ஓரமா உக்காந்துட்டு "நீ பாத்துட்டு வாம்மா"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, இவர இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்து ஒரு பெஞ்சுல உக்கார வச்சிருக்கேனேன்னு.

மீதி லிஸ்டையெல்லாம் விட்டுட்டு மெட்ரோ ஏறி ஆர்ட்ஸ் எ மெட்டியே போனோம். அந்த ஸ்டேஷன்ல ஒரு பிளாட்பாரம் முழுக்க செம்புத் தகடு அடிச்சிருப்பாங்க, அண்டாக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும். மேல இருக்கற மியூசியம் மெஷின், கருவி, தொழில் சம்பந்தப்பட்டது, 1794-ல தொடங்கின நிறுவனம். கூட்டம் இருந்துச்சு, ஆனா தள்ளுமுள்ளு இல்ல. அங்க ஒரு தறி இருக்கு. வோகான்சோன்னு ஒருத்தர் 1740-கள்ல செஞ்சது, பூ வேலைப்பாட்டுல எந்த இழை மேல போகணும்னு ஆள் தூக்கி விடாம, மேல இருக்கற ஓட்டை போட்ட உருளையே முடிவு பண்ற மாதிரி. பின்னாடி ஜக்கார்டுங்கற பிரெஞ்சுக்காரர் இத பாத்துட்டு, ஏற்கெனவே இருந்த ஓட்டை போட்ட அட்டை கோக்கற வழியையும் இதோட சேத்து, பூ வேலைப்பாட்டுக்குத் தறி மேல மாட்டற தன்னோட பெட்டிய 1800-களோட தொடக்கத்துல செஞ்சார்.

நான் போர்டைப் படிச்சு சொல்றதுக்கு முன்னாடியே அப்பா மேல கை காட்டி "அட, ஜக்காடு பெட்டிக்கு ஆத்தா இதும்மா"ன்னார். அவ்ளோதான், நாப்பது நிமிஷம் அந்த இடத்த விட்டு நகரல. பன்னை எங்க, விழுது எங்க, மிதி எங்கன்னு எனக்குக் காட்டறார், அந்த வீட்டுல பொறந்து வளந்த எனக்கே பாதி புரியல. ஒரு ஸ்கூல் பொண்ணு பக்கத்துல வந்து நின்னா. அன்னைக்கு ராத்திரி பல மியூசியத்துல ஸ்கூல் பசங்களே வந்து விளக்கம் சொல்வாங்க, இவ அவங்கள்ல ஒருத்தியா சும்மா வந்தவளான்னு தெரியல. இவர் யாருன்னு கேட்டா, சொன்னேன். ஒரு சேலைக்கு எத்தன நாள் ஆகும்னு அடுத்த கேள்வி. "முகூர்த்தப் பட்டுன்னா பதினஞ்சு நாள், பாவு பிணைக்கறது தனி"ன்னார் அப்பா, நான் பிரெஞ்சுல சொன்னேன். பாவுக்கு, அதாவது தறியில நீளவாக்குல ஓடற நூலுக்கு, எனக்கு பிரெஞ்சு வார்த்தை வரல, கையாலயே காட்டினேன், அவளுக்குப் புரிஞ்சிடுச்சு.

ஊர்ல பெரியம்மா பையன் "இவ்ளோ லட்சம் செலவு பண்ணிப் போய் தறியத்தான் பாத்துட்டு வந்தீங்களா"ன்னு கேட்டான். இங்கயும் யாராவது அதையே கேப்பீங்க. அவர் வாழ்நாள் பூரா உழைச்ச தொழிலுக்குக் கண்ணாடிக்குள்ள மரியாதை குடுத்து வச்சிருக்கறத அவர் பாத்தார், எனக்கு அது போதும். நம்ம பக்கம் பார்டர் சேலை கைத்தறிக்குன்னு ஒதுக்கி 1985-லயே சட்டம் போட்டாச்சு, ஆனா விசைத்தறியில ஓட்டி கைத்தறின்னு கூசாம விக்கறாங்க, அப்பாவோட கூலி ஏறாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம். இது நீங்க கேட்டதுக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

இன்னொன்னும் மனசுல கிடக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு கிமு 2172-ஐச் சேந்ததுன்னு 2022-ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. நாம வேடியப்பன்னு கும்பிடற பல கல்லு பழைய நடுகல்லுதான். இதையெல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க எப்பப் பாப்பாங்க? நம்ம ஊர் மியூசியத்த சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் பூட்டிட்டா, ஆறு மணிக்கு வேலை விட்டு வர்றவங்களுக்கு மியூசியம் இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி திறந்து வைங்க, காரிமங்கலத்துலேர்ந்து ஒரு வேன் பிடிச்சு ஆள் கூட்டிட்டு வர நான் ரெடி.

சரி, உங்களுக்கு. பேர் பெத்த இடத்த அன்னைக்கு விட்டுடுங்க, அதுக்கு வேற நாள் டிக்கெட் எடுத்துக்கலாம். உங்க தொழிலுக்கோ உங்க வீட்டு ஆளுங்க தொழிலுக்கோ பக்கத்துல இருக்கற ஒரே ஒரு சின்ன மியூசியம், ஏழு மணிக்குள்ள சாப்பாட்ட முடிச்சுட்டுப் போங்க. சனிக்கிழமை ராத்திரி மெட்ரோ ரெண்டு மணி தாண்டியும் ஓடும், திரும்பி வர்ற கவலை வேண்டாம். அந்தத் தறியோட மேல்பக்கத்த மட்டும் நான் சரியா போட்டோ எடுக்கல, சேலத்துல கூட வேலை செஞ்சவர்கிட்ட காட்டணும்னு அப்பா இன்னும் கேட்டுட்டே இருக்கார். நீங்க போனீங்கன்னா அந்த உருளை தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து இங்கயே போடுங்க.