வெடிப்பலாவை எப்படி அடையாளம் காண்பது?

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத பசுமைமாறா மரம் வெடிப்பலா. வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வால்பாறைக் காட்டில் முள்காய் உதிர்ந்து கிடந்தது. வழிகாட்டி வெடிப்பலா என்றார். நண்பர் அயினிப்பலா என்கிறார். எது சரி?

வழிகாட்டி சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனாலும் சோதித்துவிடுங்கள். அயினிப்பலாவின் இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடியும், வெடிப்பலாவில் வடியாது. கிளை எட்டாத உயரத்தில் இருந்தால், உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பலாவானால் மேற்புறம் வழுவழுப்பான கரும்பச்சை. அடிப்புறம் வெள்ளியும் செம்பும் கலந்து பூசியது போல மின்னும். லென்ஸ் வைத்தால், பூச்சு போலத் தெரிந்தவை நுண்ணிய வட்டச் செதில்கள் என்பது புரியும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் அந்த இலையைக் கீழே வைக்கவே இல்லை.

பூ எங்கே பூக்கும்?

கிளைநுனியில் தேடாதீர்கள். கிளைகளில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அங்கேதான் கொத்தாகப் பூக்கும். இதழே கிடையாது. பூவின் வெளியடுக்கான புல்லிவட்டம் குழல் போல, சதைப்பற்றோடு இருக்கும். சிங்கவால் குரங்கு அதைப் பறித்துத் தின்னும். வேறு பழங்கள் அரிதான நாட்களில் அதற்கு இது பெரிய ஆதரவு.

பலா என்கிறோமே, பலாவின் உறவா?

இல்லை. முள்காயைப் பார்த்து வைத்த பெயர்; முற்றினால் வெடிப்பதால் ‘வெடி’. நெருங்கிய உறவு துரியன். முன்பு இலவ மரக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அக்குடும்பமே செம்பருத்தியின் மால்வேசியில் அடங்கிவிட்டது. தாவரவியல் பெயர் கல்லேனியா எக்ஸாரில்லேட்டா.

இலங்கையிலும் இதே மரம் உண்டா?

அங்கிருப்பது கல்லேனியாவின் வேறு இனம். நெடுங்காலம் இரண்டையும் ஒன்றெனக் கருதினார்கள். 1970இல் தாவரவியலாளர் ராபின்ஸ் நம் மரத்தைத் தனி இனமாகப் பிரித்தார். விதையைச் சுற்றிச் சுளை போன்ற சதை இல்லை என்பதையே ‘எக்ஸாரில்லேட்டா’ குறிக்கிறது. இந்தப் பெயரைத்தான் மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அடையாளம் அதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கே போனால் பார்க்கலாம்?

களக்காடு மலையில் கக்காச்சி, ஆனைமலை, மேகமலை. நாங்கு, பாலி மரங்களும் கூடவே நிற்கும்.

கோவையில் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

வேண்டாம். சமவெளி வெயிலில் கன்று கருகிவிடும். விதையையும் சேமித்து வைக்க முடியாது. ஈரம் காய்ந்தால் முளைக்காது. மழைக்காட்டை ஒட்டிய தோட்டம் வைத்திருப்பவர்கள் யாரேனும் தெரிந்தால், அவர்களிடம் நிழலில் நடச் சொல்லுங்கள்.