அனுபியாஸுக்கு மண் அணைக்காதீர்கள்

கேள்வி: வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு விற்கலாம் என்று, மீன் தொட்டியில் வைக்கும் அனுபியாஸ் நானா என்ற செடியில் 200 கன்று வாங்கி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த பைகளில் நட்டு நிழல்வலைக்குள் வைத்தேன். ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் காம்போடு கழன்று வருகின்றன. தண்டு கொழகொழத்து நாறுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை அப்புறம் பார்ப்போம், முதலில் ஒரு பையைப் பிரித்துத் தண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மஞ்சளும் இஞ்சியும் போட்டுப் பழகிய கை, கிழங்கு மாதிரி எதைக் கண்டாலும் மண் அணைத்துவிடும். இங்கே அதுதான் வினை. படர்ந்து போகிற அந்தப் பச்சைத் தண்டும் ஒரு வகைக் கிழங்குதான், ஆனால் புதைந்து கிடக்கிற சாதி இல்லை. கேமரூன், நைஜீரியா பக்கத்துக் காட்டோடைகளில் பாறையையும் விழுந்த மரத்தையும் வேரால் பற்றிக்கொண்டு, பாதி நாள் தண்ணீரிலும் பாதி நாள் காற்றிலுமாக ஊர்ந்து போகும். அதை மூடினால் அழுகும், தொழுவுரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் இன்றே எடுத்துக் கழுவுங்கள். கெட்ட பகுதியைத் தாண்டி, வெட்டுவாய் கெட்டியாகவும் சுத்தமாகவும் தெரியும் வரை நறுக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இதில் சோம்பல்பட்டால் நோயை நீங்களே பரப்புவீர்கள். மூன்று நான்கு இலையோடு தேறும் துண்டுகளைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் தென்னை நார்க்கழிவில் வேர் மட்டும் உள்ளே இருக்க, தண்டு மேலே கிடக்கட்டும். தாமிர மருந்து மட்டும் வேண்டாம். செடி போகப்போவது மீன் தொட்டிக்கு, அங்கே இறால் வைத்திருப்பவர்களும் உண்டு, இறாலுக்குத் தாமிரம் எமன்.

நிழல் நன்றாக இருக்கட்டும், வெயில் பட்டால் இலை கருகும். நீருக்குள் வைத்திருப்பதில் வெளிச்சம் கூடினால் இலைமேல் பாசி ஒட்டும். மாதம் ஓரிரு இலைதான் விடும், அவசரப்பட்டு யூரியா கரைத்து ஊற்றாதீர்கள்.

விற்பனைக்குக் கவலை வேண்டாம். சேம்பு இலை நாக்கை அரிக்கிறதல்லவா, அதே குடும்பம், இதன் இலையிலும் அந்த ஊசிப் படிகங்கள் உண்டு, தடிப்பும் அதிகம். மற்ற செடிகளை மேய்ந்து தீர்க்கிற தங்கமீன்கூட இதைப் பெரும்பாலும் தொடாது, அதனால் தேடி வாங்குவார்கள்.

கட்டிய துண்டுகளைப் பத்து நாள் தனியாக வைத்து முகர்ந்து பாருங்கள், நாற்றம் வருவதை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.