கால் இன்னும் எம்.டி. 90இல் இருக்கிறது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். வயது 58, மல்லாவிப் பக்கம் வீடு. தொண்ணூறுகளிலும் பிறகு சமாதான காலத்திலும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில்தான் கிளினிக்குக்கும் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும் போய்வந்தேன். 2009இல் போரின் கடைசி மாதங்களில் வண்டியை மாத்தளன் மணலில் விட்டுவிட்டு வந்ததோடு சரி. பிறகு ஹான்டிலைத் தொடவில்லை. மகன் கத்தாருக்குப் போய் இரண்டு வருடம். அவனுடைய பல்சர் 150 கொட்டிலில் சும்மா நிற்கிறது. "அம்மா, ஸ்கூட்டி வாங்கித் தாறன், அதைத் தொடாதேங்கோ" என்கிறான். தம்பி, நான் ஓடலாமா? லைசன்ஸும் காலாவதி.

பதில்: ஓடலாம் அக்கா. ஆனால் அந்தப் பல்சரில் நாளைக்கே ஏறிவிடாதீர்கள். நான் வயதைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் இடது காலைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த வண்டி. கையில் கிளச் கிடையாது. மூன்று கியர், முன்பக்கம் மிதிக்க மிதிக்க ஏறும். பல்சரில் முதல் கியர் மட்டும்தான் கீழே, மற்ற நான்கும் மேலே. நீங்கள் இரண்டாவது கியரில் முப்பதில் போய்க்கொண்டிருக்கும்போது, கால் தன் பாட்டில் பழைய ஞாபகத்தில் முன்பக்கம் மிதிக்கும். மூன்றாவதுக்குப் போகவேண்டிய வண்டி முதலாவதுக்கு இறங்கி, பின் சில்லு இழுத்துப் பிடிக்கும். ஓட்டம் மறந்துபோனவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வேறொரு வண்டியின் ஓட்டத்தை மறக்காமல் வைத்திருப்பவர்தான் என் கராச்சுக்கு வளைந்த ஹான்டிலோடு வருவார்.

அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். ஏழு வருடம் ஓடாமல் இருந்து 2014இல் ஏறினேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு அக்கராயன் பக்கம் திரும்பினேன். கிறவல் பரவிக் கிடந்த ஒரு துண்டில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. பழைய டிரம் பிரேக்குக்கு முழுக்கையும் போட்டு அமத்தவேண்டும் அல்லவா, அதே அமத்தலை டிஸ்க் பிரேக்கில் போட்டேன். முன் சில்லு வழுக்கி நான் ஒரு பக்கம், வண்டி மறுபக்கம். குட்டி நின்று கச்சானைத் தின்றது. முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. தார் றோட்டில் உங்களை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான், அதை விடாதீர்கள். ஆனால் இரண்டு விரலால், மெல்ல மெல்ல இறுக்கவேண்டும். கிறவலிலும் மணலிலும் பின் பிரேக்கை முதலில் பிடித்து, முன் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொள்ளுங்கள். ஹான்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

சரி, பல்சரா ஸ்கூட்டியா? எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஒரு சோதனை. அந்தப் பல்சரைக் கொட்டிலிலிருந்து தனியாக உருட்டி வெளியே எடுங்கள், வளவுக்குள் ஒருமுறை வட்டம் திருப்புங்கள், நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அது 140 கிலோவுக்கு மேல். பிறகு ஏறி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதத்தின் முன்பாதியாவது நிலத்தில் படவேண்டும். இதில் ஒன்று முடியாவிட்டாலும் மகன் சொல்வதுதான் சரி, ரோசப்படவேண்டாம். ஸ்கூட்டியிலும் ஒரு குறை இருக்கிறது. பலவற்றின் சில்லு 10 அங்குலம்தான். பல்சருக்கு 17. மாரியில் உங்கள் ஒழுங்கைக் குழிகளில் அந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். என்னைக் கேட்டால், எம்.டி. 90 போலவே கை கிளச் இல்லாத கப் (Cub) வகை வண்டி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதை எடுப்பேன். உங்கள் காலுக்கு அது சொந்தக்காரர் மாதிரி.

பல்சர்தான் என்று முடிவெடுத்தால் முதலில் வண்டியைக் கராச்சில் விடுங்கள். இரண்டு வருடம் நின்ற பெற்றோலை வெளியே ஊற்றிவிடவேண்டும், காபரேற்றரில் அது பிசினாகியிருக்கும். பிரேக் எண்ணெயும் மாற்றவேண்டும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 1516 என்றால் 2016ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் அவ்வளவு பழைய றப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அப்புறம் சைலன்சருக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். குளவிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

லைசன்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ் எடுத்துப் புதுப்பிக்கவேண்டும். அதில்லாமல் ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார். கண்ணையும் அப்போதே நன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு அறுவடை முடிந்த வெறும் வயல் வேண்டாம், வரம்பு தட்டும். பள்ளிக்கூட மைதானத்தில் கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் போதும். முதல் நாள் முழுக்க ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. வாயால் சொல்லிக்கொண்டே மாற்றுங்கள். எட்டுப் போடுவது பிறகு.

மைதானத்துக்கு வெளியே இருப்பது நீங்கள் ஓடிய வன்னி இல்லை அக்கா. பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில், சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகைக்குள் ஓடிய ஆட்கள் நாங்கள். அந்த றோட்டில் நாற்பதுக்கு மேல் போக வண்டியும் விடாது, குழியும் விடாது. இன்று யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி வழவழப்பான கார்ப்பெற் றோட்டு. யாழ்ப்பாண பஸ் உங்கள் கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்து, நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் நிற்கும். மாங்குளத்தில் அந்தச் சந்திக்கு ஏறுவதை முதல் மாதம் தள்ளிவையுங்கள். மல்லாவி, துணுக்காய், அவ்வளவுதான். நெல் காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஏறவேண்டாம், மணலைவிட மோசமாக வழுக்கும். பொழுதுபட்டால் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடுறோட்டில் வந்து படுக்கும். கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஆறு மணிக்கு முன்னமே வண்டி கொட்டிலில் நிற்கட்டும்.