ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் எச்-குறியீடு தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் ஏன் மாறுகிறது? அதைக் கொண்டு இருவரை ஒப்பிடலாமா?

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த இந்தக் குறியீட்டின் கணக்கு எளிது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 18, 9, 5, 3 மேற்கோள்களை (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டியவை) பெற்றிருந்தால், குறைந்தது நான்கு மேற்கோள்கள் பெற்றவை நான்கு இருப்பதால் அவருடைய எச்-குறியீடு 4. முதற்கட்டுரையின் 40 மேற்கோள்கள் 4,000 ஆனாலும் அந்த எண் அசையாது. புகழ்பெற்ற ஒரே படைப்பைத் தந்தவருக்கு இது இழைக்கும் அநீதி சிறிதன்று.

தளங்களுக்கிடையிலான வேறுபாடு, அவை எவற்றை எண்ணுகின்றன என்பதிலிருந்து பிறக்கிறது. ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்கள் ஆகியவற்றையே கணக்கில் கொள்கின்றன. கூகுளின் ஆய்வுத் தேடுபொறியான கூகுள் ஸ்காலரோ ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வெளிவருமுன் பகிரப்படும் கட்டுரைகள்) தானாகவே திரட்டிக்கொள்வதால், அதில் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒரே பெயருடைய இருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவதும் உண்டு. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியே தரப்படும், ஆர்கிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண் இதைப் பெருமளவு தடுக்கிறது.

ஒப்பீட்டைப் பொறுத்தவரை, ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே காலம் பணியாற்றிய இருவரை, ஒரே தளத்தின் தரவைக் கொண்டு ஒப்பிடுவதில் மட்டுமே ஓரளவு பொருள் இருக்கிறது. மருத்துவத்தில் மேற்கோள்கள் விரைவாகக் குவியும். கணிதத்தில் மெதுவாகவே சேரும். இதழின் தாக்கக் காரணியை ஆய்வாளரின் தகுதியாகக் கொள்வது இன்னும் மோசமான வழக்கம். அது இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி மட்டுமே. அச்சராசரியைச் சில கட்டுரைகளே உயர்த்தியிருக்கக்கூடும். இதனால்தான் ஆய்வு மதிப்பீடு குறித்து 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், நியமனத்திலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைப் பயன்படுத்த வேண்டாம் என்று கோரியது.