ஒரு நாளில் பிராக்: மேட்டில் தொடங்கி ஆற்றைக் கடந்து இறங்குங்கள்

கேள்வி: ஐரோப்பாவில் பழமையான நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது என்றால் எந்த ஊருக்குப் போகலாம்? எப்படித் திட்டமிடலாம்?

நான் பிராக் என்றுதான் சொல்வேன். செக் குடியரசின் தலைநகரம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பல ஊர்கள் தரைமட்டமானபோது இந்த ஊர் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அதனால் இங்கே பார்ப்பவற்றில் பெரும்பகுதி அந்தந்தக் காலத்திலேயே கட்டி இன்றுவரை நிற்பவை. கோட்டை, ஆறு, பாலம், பழைய நகரச் சதுக்கம் எல்லாம் ஒரே கோட்டில், நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு பகலுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம்.

பலர் சதுக்கத்தில் ஆரம்பித்து, மதியத்துக்கு மேல் களைத்துப்போய்க் கோட்டை மேட்டில் ஏறுகிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலையிலேயே 22ஆம் எண் டிராமில் ஏறி, போஹோர்ஷெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே ஸ்ட்ராஹோவ் மடாலயம். அங்கிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கோபுரங்களுமாக ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். அப்புறம் பொழுது சாயும்வரை பெரும்பாலும் இறக்கம்தான், கால் வலிக்காது.

நாங்கள் போனபோது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆளுக்கு ஓர் இடம். அதற்குள் நுழைந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், மற்றவர் அவசரப்படுத்தக் கூடாது. மற்றதெல்லாம் போகிற போக்கில் பார்ப்பது. இருவருக்கும் ரசனை வேறு என்றால் இதுதான் வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

என் கணவர் தேர்ந்தெடுத்தது கோட்டைக்குள் இருக்கும் பழைய அரண்மனை. வீரர்கள் குதிரை மேல் அமர்ந்தபடியே ஏறி வர அகலமான படிக்கட்டு, உள்ளேயே போட்டி நடத்தும் அளவுக்குப் பெரிய மண்டபம். ஆனால் அவர் தேடி வந்தது பக்கத்து அறையின் ஜன்னலை. 1618 மே 23 அன்று, நாட்டை ஆண்ட கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் வம்சத்து அரசரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் இங்கிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அன்னை மரியாள் தாங்கிக்கொண்டாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள், குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. "ஐரோப்பாவுல கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதின முப்பதாண்டுப் போர் இங்கதான்மா ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வரலாற்றில் எனக்கு அவர் அளவுக்கு ஈடுபாடு கிடையாது. ஆனாலும் அந்த ஜன்னலில் கை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தபோது உள்ளுக்குள் ஏதோ செய்தது உண்மை. அந்தக் கதையின் மிச்சம் இறங்கும் வழியெல்லாம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதே வளாகத்தில் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தை 1344இல் கட்டத் தொடங்கி, 1929இல்தான் முடித்தார்கள். செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது. அதை அவசியம் பாருங்கள்.

கோட்டையிலிருந்து இறங்கும் நெருடோவா தெருவில் மெதுவாக நடங்கள். வீடுகளுக்கு எண் கொடுக்காத காலத்தில் வாசலுக்கு மேலே இருக்கும் சின்னத்தை வைத்துத்தான் வீட்டை அடையாளம் சொல்வார்களாம். இரண்டு சூரியன் வீடு, மூன்று வயலின் வீடு என்று இன்னும் அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டையும் இந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளலாம். சைவம் என்றால் உருளைக்கிழங்கோடு வரும் பொரித்த பாலாடைக்கட்டி கிடைக்கும், பழம் வைத்து அவித்த உருண்டைகளும் உண்டு. சூப் வாங்கும்போது மட்டும் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாணயம் யூரோ இல்லை, கொருனா. தெருவோர நாணய மாற்றுக் கடைகளைவிட வங்கி ஏடிஎம் மேல்.

அடுத்தது சார்லஸ் பாலம். 1357இல் பேரரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது. 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். வல்டாவா ஆறு கீழே ஓடுகிறது. சிலைகளில் பல நகல்கள், அசலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாதிரியாரான புனித நெபோமுக் யோவானை 1393இல் இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் வீசினார்கள். அவருடைய சிலை 1683இல் வைத்தது. பீடத்துப் பித்தளைப் பலகையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஆட்கள் தொட்டுத் தொட்டு அது பளபளவென்று ஆகியிருக்கிறது. நாங்களும் தொட்டோம்.

பாலம் முடியும் இடத்தில் ஒரு கோபுர வாசல். இதன் அடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஜன்னல் சம்பவத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1620இல் வெள்ளை மலைப் போரில் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் தரப்பிடம் தோற்றார்கள். 1621 ஜூன் 21 அன்று 27 பேருக்குப் பழைய நகரச் சதுக்கத்தில் மரண தண்டனை. அவர்களில் 12 பேரின் தலைகளை இந்தக் கோபுரத்தில்தான் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். சதுக்கத்துக்குப் போனால் நகர மண்டபத்தின் ஓரமாகத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். எல்லோரும் அண்ணாந்து மண்டபச் சுவரில் இருக்கும் பழைய கடிகாரத்தைப் பார்ப்பதால் பலரும் அவற்றின் மேலேயே நின்றுகொண்டிருப்பார்கள். காலையில் ஜன்னலைப் பார்த்தவர்கள் மதியம் இந்தச் சிலுவைகளைப் பார்க்கும்போது, அந்த மூன்று ஆண்டுகளையும் காலாலேயே நடந்து கடந்திருப்பார்கள். மேட்டில் தொடங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கடிகாரத்தையும் பாருங்கள், 1410இல் செய்தது. மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் தலைகாட்டும் காட்சியைவிட எனக்குப் பிடித்தது அதன் முகப்புதான். சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த நிலையில், சூரிய அஸ்தமனத்திலிருந்து எத்தனை மணி ஆயிற்று என்று எல்லாம் காட்டும். சுவரில் மாட்டிய பஞ்சாங்கம் மாதிரி. நமக்கு இந்த ஊரோடு இன்னொரு தொடர்பும் உண்டு: தமிழறிஞர் கமில் சுவலெபில் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். அவர் படித்த, 1348இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகம் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

நான் தேர்ந்தெடுத்தது யோசெஃபோவ் என்ற பழைய யூதர் பகுதியில் இருக்கும் பிங்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற பொஹீமியா, மொராவியா என்ற செக் பகுதிகளின் யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர், பெயர், பிறந்த நாள். மாடியில், யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்த டெரெசின் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். வீடு, பூ, பட்டாம்பூச்சி. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. நான் அழுதேன். "இரு, எவ்வளவு நேரம் வேணுமோ இரு" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரே நுழைவுச்சீட்டில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். இடம் போதாமல் அடுக்கு மேல் அடுக்காகப் புதைத்ததால் சுமார் 12,000 கல்லறைக் கற்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கின்றன.

அங்கிருந்து வந்ததும் உடனே கடைத்தெருவில் நுழைய மனம் வரவில்லை. ஆற்றைத் தாண்டி லெட்னா பூங்காவுக்கு ஏறினோம். நாளின் ஒரே பெரிய ஏற்றம் அதுதான். பாலங்கள் வரிசையாகத் தெரியும், பெஞ்ச் இருக்கும், இருட்டும்வரை உட்காரலாம்.

எந்த நாளில் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூதர் பகுதியில் இருக்கும் அருங்காட்சியக இடங்களுக்குச் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. பேராலயத்துக்குள் ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் சுற்றுலாப் பயணிகளை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். அதனால் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் வருகிற மாதிரி ரயிலோ விமானமோ பதிவு செய்யுங்கள்.