வாசகர் கேள்வி: புத்தகத்துக்கும் மேலே ஒன்று

டெக்சாஸில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறப்பதே இல்லை என்கிறாள். அப்படியானால் எதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

‘டீக்ஸ்’ எனப்படும் மாநிலப் பாடத்தரங்களை வைத்து. ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்பதை எண்ணிட்ட வாக்கியங்களாக அதில் எழுதியிருப்பார்கள். அதை இறுதி செய்வது மாநிலக் கல்வி வாரியம். அதன் 15 உறுப்பினர்களும் தேர்தலில் வென்று வருபவர்கள். வரலாறு படித்தவர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த வாக்கியங்களில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘இன்க்ளூடிங்’ என்று வந்தால், அடுத்து வரும் பெயர்கள் எல்லாம் கட்டாயம். ‘சச் ஆஸ்’ என்று வந்தால் அவை வெறும் எடுத்துக்காட்டு, ஆசிரியர் விட்டுவிடலாம். எட்டாம் வகுப்புக்கு ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்வு இருப்பதால், நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டாம் வகைதான்.

ஒரு வாக்கியத்தை மாற்றினால் பிள்ளைகள் படிப்பது அவ்வளவு மாறிவிடுமா?
- வாசகர், தென்காசி

மாறும். 2010-ல் ஏற்கப்பட்ட தரத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்கள் இந்த வரிசையில் இருந்தன: பிராந்தியப் பற்று, மாநில உரிமை, அடிமைமுறை. அடிமைமுறைக்கு மூன்றாம் இடம். மூன்றையும் சம எடையில் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே தரம் நிறைவேறிவிடும். ஆனால் 1861 பிப்ரவரி 2-ல் டெக்சாஸ் வெளியிட்ட பிரிவினைப் பிரகடனமே அடிமைமுறையைக் காப்பதற்காக அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அப்படியிருக்க அதைக் கடைசியில் வைத்தது பெரும் பிழை.

2018 நவம்பரில் வாரியம் இதைத் திருத்தியது. அடிமைமுறையின் விரிவாக்கமே மையக் காரணம், பிராந்தியப் பிளவும் மாநில உரிமைச் சண்டையும் அதிலிருந்து கிளைத்தவை என்று எட்டாம் வகுப்புத் தரம் மாறியது. காரணங்கள் அதே மூன்றுதான். எது வேர், எது கிளை என்பது தெளிவானது. எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாறு 1877-உடன் முடிகிறது. உயர்நிலைப் பள்ளியில் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனவே இந்தப் போரைப் பற்றி எட்டாம் வகுப்பில் மனதில் பதிந்ததே பெரும்பாலும் கடைசிவரை நிற்கும்.

பெற்றோர் இதில் தலையிட வழி உண்டா?
- வாசகர், கோவை

உண்டு. தரங்களை மாற்றும்போது முதற்கட்ட வாக்கெடுப்பு, இறுதி வாக்கெடுப்பு என இரண்டு நடக்கும். 2018 செப்டம்பரில் மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஹெலன் கெல்லர் பெயரை நீக்க முதற்கட்டத்தில் வாக்களித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் பேச வேண்டிய நேரம். வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் பதிவு செய்யலாம். பேசும்போது தரத்தின் எண்ணைச் சொல்லி, எந்தச் சொல்லை எடுத்து எதைப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பொதுவாக வருத்தம் தெரிவித்தால் உறுப்பினர்களால் அதைத் திருத்தமாக முன்மொழிய முடியாது.